துவைக்காத நைட்டி

இறந்துபோன மனைவியின் நைட்டியைச் சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டார் தெய்வநாயகம்.

"அண்ணே, கிறுக்கா புடிச்சிருக்கு? கழட்டிக் குடுங்க, மிஷின்ல போடறேன்" என்று பதறினாள் தங்கை சுலோச்சனா. காரியம் முடிந்த கையோடு மற்ற துணிகளையெல்லாம் துவைத்து யார் யாருக்கோ கொடுத்துவிட்டவள் அவள்தான். குளியலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கிய இது ஒன்றுதான் தப்பியது.

"வேதாவோட வாசம் இதுலதாம்மா மிச்சம். விடு."

கட்டிலுக்கடியில் வேதாவின் பூனை. அவள் போனதிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை. இவர் குரல் கேட்டாலே நடுங்கியது. நடுங்காதா பின்னே? இத்தனை வருடம் "சனியனே!" என்று அவர் கத்தியதெல்லாம் வேதாவைப் பார்த்துத்தான், தன்னை இல்லை என்று பூனைக்கு எப்படித் தெரியும்?

மீன் தட்டை வைத்துவிட்டு, பக்கத்திலேயே தரையில் கையைத் தலைக்கு வைத்துப் படுத்தார். அவர் அசையவில்லை. வெகுநேரம் கழித்து ஒரு மூக்கு வெளியே வந்தது. நைட்டியின் ஓரத்தை முகர்ந்தது. இன்னும் கொஞ்சம் நகர்ந்து, தட்டை நோக்கிக் கழுத்தை நீட்டியது.

இழவு வீட்டில் வராத அழுகை, அந்த நேரம் பார்த்துத்தான் அவருக்கு வந்தது. சத்தம் கேட்டால் ஓடிவிடும். கன்னத்தடியில் இருந்த நைட்டியின் கையை அப்படியே கடித்துக்கொண்டார்.