ஆறு காலும் நல்லாத்தானே இருக்கு

"ஆறு காலும் நல்லாத்தானே இருக்கு, எழுந்து ஓடினா என்னக்கா?" தங்கைக் கரப்பு இதை நான்காவது தடவையாகக் கேட்டாள்.

அக்காக் கரப்பு மீசையை வழித்துவிட்டுக்கொண்டே இருந்தாள். பச்சைக் குளவி அவள் தலைக்குள் கொடுக்கை இறக்கிவிட்டு, தன் குஞ்சுப் புழுவுக்கு இரையாக அவளை அடைத்துவைக்கப் பொந்து தேடிப் போயிருந்தது. அது திரும்புவதற்குள் ஓடினால் பிழைக்கலாம்.

"உயிர் போற நேரத்துல அலங்காரம் வேறயா?" தங்கை அவள் பின்னங்காலைக் கடித்தாள். கால் வெடுக்கென்று உதறியது. "பாத்தியா, அசையுது! எல்லாம் நடிப்பு."

"கால்ல ஒண்ணும் இல்லடி. 'கிளம்பு'ன்னு உள்ளேயிருந்து ஒரு நரம்பு சொல்லுமே, அது சொல்ல மாட்டேங்குது."

"எனக்கு மட்டும் யார் சொல்றாங்களாம்? மனசு வச்சா முடியும்."

அந்த மனசில்தான் கொட்டியிருக்கிறது என்று சொல்லவும் அக்காவுக்குத் தெம்பில்லை.

குளவி வந்ததும் தங்கை சுவர் விரிசலுக்குள் பாய்ந்தாள். குளவி அக்காவின் மீசையைப் பிடித்து இழுத்தது. ஆறு காலும் சமர்த்தாக அதன் பின்னே நடந்தன.

"இப்ப மட்டும் நடக்கத் தெரியுதோ? அவ கூப்பிட்டாத்தான் போவியா?" விரிசலிலிருந்து தங்கை கத்தினாள்.

பொந்துக்குள் அக்காவின் காலில் முட்டையை ஒட்டிவிட்டு, குளவி வெளியே போய் வாசலில் பொடிக்கற்களை அடுக்கத் தொடங்கியது. ஒரு முட்டு முட்டினால் சரிந்துவிடும் கற்கள். கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. தங்கையின் சத்தம் ஓய்ந்திருந்தது.

"தங்கச்சி, இன்னும் ஒரே ஒரு தடவை, நல்லா அழுத்திக் கடியேன்டி."