குவளைக்குள் இரண்டு ரொட்டிக்குச்சிகள்

உணவகத்தின் ஜன்னலோர மேஜையில், ஒரு கண்ணாடிக் குவளைக்குள் மூன்று மொறுமொறு ரொட்டிக்குச்சிகள் நின்றன. சூப்புக்காகக் காத்திருந்த சிறுமி முதல் குச்சியை எடுத்து நறுக்கென்று கடித்தாள்.

மிச்சமிருந்த இரண்டும் நடுங்கின.

"பயப்படாதே தம்பி. போனா ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம். உன்னைத் தனியா விடமாட்டேன்," என்றது நெட்டைக்குச்சி. குட்டைக்குச்சி அதன்மேல் சாய்ந்துகொண்டது.

சிறுமியின் கை மறுபடி நீண்டது. நெட்டை சட்டென்று சறுக்கி, குட்டையின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கியது. விரல்கள் குட்டையைப் பிடித்துத் தூக்கின.

"அண்ணே!" என்று அது கத்தியது. நெட்டை கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து சூப் வந்தது. "அதை வெச்சுட்டு முதல்ல இதைக் குடி, ஆறிடும்," என்றாள் அம்மா. சிறுமி குட்டையைக் குவளைக்குள் திரும்பப் போட்டாள்.

"நல்லவேளை, தப்பிச்சுட்டே! எனக்கு உயிரே போயிடுச்சு தம்பி," என்றது நெட்டை.

குட்டை குவளையின் எதிர்ப்பக்கம் நகர்ந்து, கண்ணாடியில் சாய்ந்து நின்றது.

சூப்பைக் குடித்து முடித்த சிறுமி உதட்டைத் துடைத்துக்கொண்டு குவளையைப் பார்த்தாள்.

"தம்பி, கொஞ்சம் பக்கத்துல வாயேன்," என்றது நெட்டை.

"இருக்கட்டும் அண்ணே. நான் இங்கேயே நிக்கிறேன்."