சாத்தியிருந்த கதவு

ஆஸ்பத்திரியில் மனிதரை வாட்டுவது நோய் என்பது பரவலான நம்பிக்கை. பெரும் பிழை. வாட்டுவது காத்திருப்பு. நோயோடு வீட்டிலேயே கிடக்கலாம். காத்திருப்பதற்குத்தான் ஆஸ்பத்திரி வேண்டும்.

இந்த உண்மையை ஆராய ஐந்து டாக்டர்கள் கூடினார்கள். தலைப்பு: 'காத்திருப்பும் பொதுச் சுகாதாரமும்'. புரொஜெக்டர் கண் திறக்கும்வரை ஐவரும் காத்திருந்தார்கள்.

தலைவர் இதய நிபுணர். பேசும்போது ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொள்வார். நேர்மைக்கு அடையாளம் என்று மற்றவர்கள் நினைத்திருந்தார்கள்.

புதிதாகச் சேர்ந்த ஆராய்ச்சி டாக்டர் திரையைக் காட்டினார்.

"எல்லா ஓ.பி. அறையிலும் வரிசை நகருது சார். பொது மருத்துவம் மேடம் அறையில மட்டும் நகரலை. ஒரு நோயாளி வெளியே வர்றார். அடுத்தவரைக் கூப்பிடணும் இல்லையா? கூப்பிடறதில்லை. பத்து நிமிஷம், கால் மணி நேரம், கதவு சாத்தியே இருக்கு. உள்ளே யாரும் கிடையாது."

"தூங்கறாங்களோ என்னமோ," என்றார் எலும்பு டாக்டர்.

"போனா இருக்கும். இப்ப யாருக்குத்தான் அந்த வியாதி இல்லை?" என்றார் தோல் டாக்டர்.

"பின்கதவு வழியா எங்கேயாவது போயிடறாங்களோ?" என்று ஆராய்ச்சி டாக்டர் இழுத்தார்.

"சேச்சே, அது எப்பவும் உள்பக்கம் தாழ் போட்டிருக்கும்," என்றார் கண் டாக்டர். சொன்ன கையோடு தண்ணீர் குடிக்க ஆரம்பித்தவர், டம்ளர் காலியான பிறகும் நிறுத்தவில்லை.

மேடத்தைக் கூப்பிட்டார்கள். கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு வந்து நின்றார். உட்காரச் சொல்ல எல்லோருக்கும் மறந்துவிட்டது.

"வெளியில ஜனங்க கால் கடுக்க நிக்கறாங்க. நீங்க உள்ளே கதவைச் சாத்திக்கிட்டு என்ன பண்றீங்க மேடம்?" என்றார் தலைவர்.

"நோயாளி பார்க்கறேன் சார்."

"உள்ளே யாருமே இல்லைன்னு ரிப்போர்ட் சொல்லுதே."

"ரிப்போர்ட் எடுத்தவர் வாசல்ல இருந்தார் சார்."

"அப்ப அந்த நோயாளி யார்? பேரைச் சொல்லுங்க," என்றார் ஆராய்ச்சி டாக்டர்.

"நோயாளி பேரை மீட்டிங்ல சொல்றது வழக்கம் இல்லையே டாக்டர்."

தலைவரின் கை நெஞ்சிலிருந்து மெல்ல இறங்கியது.

"இப்படி மழுப்பினா, உங்களை சர்ட்டிபிகேட் பிரிவுக்குத்தான் மாத்தணும்," என்றார். "நாளையிலிருந்து நோயாளி தொந்தரவே இருக்காது. முத்திரை குத்தினாப் போதும்."

மேடம் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி, சுருட்டி, கையில் வைத்துக்கொண்டார்.

"நோயாளி பார்க்கறதைத் தவிர எனக்கு வேற ஒண்ணும் தெரியாது சார்," என்றார். பிறகு கதவுப் பக்கம் திரும்பினார். "சரி, போறேன். வாசல்ல ஒரு பெஞ்சாவது போடச் சொல்லுங்க. கேட்டு ரொம்ப நாளாச்சு."

"பெஞ்ச் போட்டா காத்திருக்கறது ஜனங்களுக்குப் பழகிடும் மேடம். அப்புறம் சீர்திருத்தமே பண்ண முடியாது," என்றார் தலைவர்.

மேடம் போனதும் தீர்மானம் ஓட்டுக்கு வந்தது. ஒவ்வொருவரும் மற்றவர் கையைப் பார்த்துவிட்டே தன் கையைத் தூக்கினார். ஆகவே ஏகமனதாக நிறைவேறியது.

எலும்பு டாக்டருக்கு உடனே ஆபரேஷன் இருந்தது. தோல் டாக்டருக்கு வகுப்பு. கண் டாக்டர் காரணம் சொல்லாமலே கிளம்பினார்.

தலைவருக்கு மறுபடி நெஞ்சு படபடத்தது.

இது நெடுநாள் படபடப்பு. தனக்குத்தானே எத்தனையோ தடவை ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டார், குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. இதய நிபுணருக்கே இதய பயம் என்று வெளியே தெரிந்தால் மானம் போய்விடும். மேடம் ஒருவர்தான் சிரிக்காமல் கேட்டவர். "ஹார்ட் நல்லா இருக்கு சார். வீட்டுல மனசு விட்டுப் பேசி எத்தனை நாளாச்சு?" என்றார். அன்றிலிருந்து வாரத்துக்கு இரண்டு முறை அவரிடம்தான் பேசுகிறார். பத்து நிமிஷம். மிஞ்சிப்போனால் கால் மணி நேரம்.

'அது ஒரு நேரமா? பாக்கி நேரத்துக்கெல்லாம் அந்தம்மாதானே பொறுப்பு' என்று சமாதானம் செய்துகொண்டார். ஆனாலும் நாளை முதல் அந்த அறையில் வேறு யாரோ. இன்றைக்கு ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் தேவலை.

ஆள் நடமாட்டம் இல்லாத மருந்துக் கிடங்கைச் சுற்றிக்கொண்டு, மேடம் அறையின் பின்பக்க நடைக்குள் திரும்பினார்.

பின்கதவை ஒட்டி எலும்பு டாக்டர் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் தோல் டாக்டர். அவருக்குப் பின்னால் கண் டாக்டர், தீ பிடித்தால் செய்ய வேண்டியவை என்ற சுவர்ப் பலகையை ரொம்ப அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

யாரும் யாரையும் ஏன் என்று கேட்கவில்லை. தலைவர் கடைசியில் போய் நின்றார்.

"தட்டினீங்களா?" என்றார்.

"தட்டினேன் சார்," என்றார் எலும்பு டாக்டர். "கடைசி நாளாம். இன்னைக்கு முன்வாசல்ல நிக்கறவங்களை முடிச்சிட்டுத்தான் நம்மளைப் பார்ப்பாங்களாம்."

முன்வாசலில் நல்ல கூட்டம். தலைவர் இந்தக் காலில் கொஞ்ச நேரம், அந்தக் காலில் கொஞ்ச நேரம் என்று மாறி மாறி நின்றார்.

மேடத்தின் இடமாற்ற உத்தரவு டைப் ஆகவே இல்லை.

அடுத்த வாரம் பெஞ்ச் வந்து சேர்ந்தது. பின்கதவுப் பக்கம் போட்டார்கள்.