சௌந்தரராஜன் சொன்ன சாட்சி

"ஈஸ்டருக்கு அப்புறம் ஒரு மாத்திரைய நாக்குல வச்சிருப்பனா? கெடையாது! நம்பாதவங்க மிஷின்ல பாத்துக்கிடுங்க!"

சௌந்தரராஜன் மைக்கைப் பிடித்துக்கொண்டு முழங்கினார். அல்வால் சர்ச்சில் தெலுங்கு ஆராதனை முடிந்து, தமிழ்க்காரர்களுக்கு ஹாலை விட்டிருந்த நேரம். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு பீடத்துக்கு முன்னாலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

சபைச் செயலாளர் நந்தகுமார் அந்தத் தெருவிலேயே மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவர். கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தார்.

"நூத்தி முப்பதுக்கு எண்பது. எளவட்டப் பிரஷர், அண்ணாச்சி!"

அல்லேலூயா சத்தத்தில் தகரக் கூரை அதிர்ந்தது. பாஸ்டர் முகத்தில் பூரிப்பு. இந்த மனிதர்தான் ஈஸ்டர் அன்றைக்குத் தன் பிரஷர் மாத்திரை அட்டைகளை எல்லாம் பீடத்தில் கொண்டுவந்து கொட்டியவர். மாதாமாதம் இலவசமாக மருந்து தரும் சர்க்கார் டிஸ்பென்சரிக்கும் போய், இனிமேல் என் பேரில் மருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தவர்.

அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் இவர் சாட்சிதான். போவன்பள்ளியிலிருந்துகூட ஆட்கள் வந்து கேட்டுவிட்டுப் போகிறார்கள். மைக் ருசி கண்ட ஆளைக் கீழே இறக்குவது லேசில்லை.

"எனக்குச் சொகமாயிட்டு. ஆனா எம் வீட்டுக்குள்ளேயே ஒரு அவிசுவாசம் ஒக்காந்திருக்கு." பெண்கள் பக்கம் கையை நீட்டினார். "அன்னம்மா! எந்திரிச்சு வா இங்க. மாசாமாசம் டிஸ்பென்சரி வாசல்ல போயி நிக்கியே, ஒனக்கு என்ன காட்டுதுன்னு பாப்போம்."

அன்னம்மாள் எழுந்தாள். ஒவ்வொரு நாற்காலியாகப் பிடித்துப் பிடித்து வந்து சேர்ந்தாள்.

மிஷின் ஒரு தரம் காற்றடித்து நின்றது. மறுபடி அடித்தது. நந்தகுமாருக்குச் சிரிப்பு போய்விட்டது.

"இருநூறத் தாண்டுது. அண்ணாச்சி, இது வெளையாட்டு இல்ல. அக்காவ ஒடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. இன்னும் ஏறிச்சுன்னா ஆளு தங்க மாட்டாங்க."

சௌந்தரராஜன் மைக்கை விடவில்லை. "மாத்திரை திங்கவளுக்கு இருநூறு. திங்காதவனுக்கு நூத்தி முப்பது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

சபை சிரித்தது. பின்வரிசையில் ஒருத்தி, "ஒளிச்சு வச்ச பாவம் எதாச்சும் இருக்கும்" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது அன்னம்மாள் வரைக்கும் கேட்டது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மகள் ரோகிணி ஓடி வந்து தாயை அணைத்துப் பிடித்துப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனாள். மொபைலில் ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டு, கையில் அகப்பட்ட பாட்டுப் புத்தகத்தால் விசிறினாள்.

"மம்மி, உண்மையைச் சொல்லு. நீ மாத்திரை போடறியா இல்லையா?"

அன்னம்மாள் கதவைப் பார்த்தாள். "சத்தம் போடாதட்டி. அப்பா கஞ்சில பொடிச்சுப் போட்டுருதேன்."

"எந்த மாத்திரைய?"

"டிஸ்பென்சரில எனக்குக் குடுக்கதத்தான். ரெண்டு பேருக்கும் ஒரே மாத்திரைதானே. நந்தகுமார் கடைல வாங்குனா சபைக்கே தெரிஞ்சிரும். வேற கடைக்குப் போகலாம்னா அப்பா கைல காசு தரமாட்டாவ."

"ஐயோ மம்மி! ஏன் இப்படிப் பண்ணே? உனக்கு என்ன ஆகும்னு யோசிச்சியா?"

"அப்பாவுக்கு ஏற்கெனவே ஒருவாட்டி பக்கவாதம் வந்து படுத்தாவல்லா? இன்னொருவாட்டி வந்தா தாங்குவாவளா? உபவாச வெள்ளிக்கிழமைகூட அந்தக் கஞ்சிய மட்டும் விட மாட்டாவ. அதனால ஒருநா தப்பாம மாத்திரை உள்ள போயிருது. கர்த்தர் கிருபை."

ரோகிணி எழுந்தாள். "இப்பவே டாடிகிட்ட சொல்றேன்."

அன்னம்மாள் அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். "வேண்டாம்ட்டி. இத்தன பேர் முன்னால சாட்சி சொன்ன மனுஷன். தெரிஞ்சா அப்பா நெஞ்சு ஒடஞ்சு…"

வார்த்தை குழறியது. வாயின் ஒரு பக்கம் கீழே இறங்கியது. துப்பட்டாவைப் பிடித்திருந்த கை தானாக நழுவி விழுந்தது.

ரோகிணி அலறிக்கொண்டு வெளியே ஓடினாள். இரண்டு பெண்கள் அறைக்குள் பாய்ந்தார்கள். நந்தகுமார் ஆட்டோவைப் பார்க்க வாசலுக்கு ஓடினார்.

சௌந்தரராஜன் அப்போதுதான் யாரோ ஒருவர் தலையில் கை வைத்து ஜெபித்து முடித்திருந்தார். ரோகிணி அவர் கையைப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் இழுத்துப்போனாள்.

"டாடி, மம்மிக்கு வாய் கோணிடுச்சு! ஈஸ்டர்ல இருந்து அவங்க மாத்திரையை உங்க கஞ்சியில போட்டுட்டு, அவங்க ஒண்ணுமே போடாம இருந்திருக்காங்க. உங்களுக்கு ஒண்ணும் சொகமாகல டாடி. அவங்க மாத்திரைலதான் நீங்க நிக்கிறீங்க!"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பக்கத்தில் ஒருவரும் இல்லை என்று தெரிந்தபின், சுருட்டியிருந்த சட்டைக் கையை நிதானமாக இறக்கிவிட்டுப் பொத்தானைப் போட்டார்.

"ஏட்டி, கஞ்சில கசப்பு தெரியாமலா குடிச்சேன்?"