தாளில் வந்த கால்

வதனியின் சாப்பாட்டு மேசையில் அன்று தட்டுகளுக்குப் பதிலாகக் கால்கள் கிடந்தன. இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றின் பிள்ளைகள், தாளில் பாதத்தை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பிய கால்கள். சூரிச்சில் நாலு குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் சின்னத் தொண்டு நிறுவனம் அந்த அளவுகளைப் பார்த்துத்தான் வருடா வருடம் சப்பாத்து வாங்கி அனுப்பும். ஒவ்வொரு காலாக வெட்டிக்கொண்டு வந்த வதனி ஒன்றில் நின்றுவிட்டாள். தனுஷிகா, இரண்டாம் ஆண்டு, ஏழு வயது. கால் வதனியின் காலைவிடப் பெரிது. இரண்டாவது விரலைச் சுற்றும்போது பென்சில் இருபுறமும் புடைத்துப் போயிருந்தது.

“இஞ்சாருங்கோ, இது மெட்டி. பிள்ளை தாயின்ர காலைக் கீறி அனுப்பியிருக்கு. அட்டை கடிக்கிற மலையில வெறுங்காலோட கொழுந்தெடுக்கிற மனுசி.”

கணவர் குகநேசன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். “அது விளங்குது. ஆனா பிள்ளையளுக்கு எண்டு சொல்லித்தானே சனத்திட்டக் காசு சேர்த்தனாங்கள்?”

வதனி தாளை வெளிச்சத்தில் பிடித்தாள். தாள் நகராமல் இருக்க, வரைந்தவள் ஓரத்தை மிதித்துக்கொண்டிருந்திருக்கிறாள். செம்மண் சேற்றில் சின்னப் பாதம் ஒன்று குதியோடு முழுசாகப் பதிந்திருந்தது.

அந்த முறை தனுஷிகாவுக்கு இரண்டு சோடி போயிற்று.

அடுத்த வருடம் வந்த தாள்களில் பென்சில் கால்கள் எல்லாமே பெரிதாக இருந்தன. ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் ஒரு சேற்றுக்கால். குகநேசன் எழுந்துபோய் இன்னொரு கத்தரிக்கோலை எடுத்துவந்தார்.