பிடி அளக்கும் கருவியும் உயரமான நாற்காலியும்

ஓர் ஆஸ்பத்திரியில் பிள்ளைகளின் கைப்பிடி வலுவை அளக்கும் கருவி ஒன்று இருந்தது. தான் காட்டும் எண்தான் சத்தியம் என்று அதற்கு நினைப்பு.

தசை நோயுள்ள ஏழு வயது ஃபர்ஹானா அன்று மாடிப்படி ஏறி வந்தாள். வந்ததும் உயரமான நாற்காலியில் உட்கார்த்தி, கருவியை மூன்று முறை அழுத்தச் சொன்னார்கள். ஐந்து கிலோ, மூன்று, இரண்டு.

"போன மாசம் ஏழு இருந்துச்சே! மருந்து கேட்கலை போல, நிறுத்திடலாம்" என்றார் டாக்டர். ஃபர்ஹானாவுக்குக் கண் கலங்கியது.

"நோய் முத்திடுச்சு. இல்லைன்னா நடிக்கிறா" என்றது கருவி.

நாற்காலிக்குப் பொறுக்கவில்லை. "அட மேதாவி! பிள்ளைக்கு இன்னும் மூச்சு வாங்குது. காலு அந்தரத்துல தொங்குது. உன் பிடி அவ விரலுக்கு எட்டவே இல்லை. இதெல்லாம் பார்த்தியா?"

"அது என் வேலையில்லை. நான் எண் சொல்லுவேன்."

"பல்லியும்தான் சொல்லுது. அதை நம்பவும் நாலு பேர் இருக்காங்க!"

அப்போது உள்ளே வந்த பிசியோதெரபிஸ்ட் ஸ்டெல்லா, "இருங்க டாக்டர், மறுபடி பார்க்கலாம்" என்றாள். பிள்ளையை இளைப்பாற விட்டாள். காலுக்குப் பலகை போட்டாள், முழங்கைக்குத் தலையணை வைத்தாள், கருவியின் பிடியைச் சிறிதாக்கினாள். ஒவ்வொரு முறைக்கும் நடுவே ஓய்வு கொடுத்து அழுத்தச் சொன்னாள்.

ஏழு. ஏழு. மறுபடியும் ஏழு.

"மருந்து தொடரட்டும்" என்றார் டாக்டர்.

கருவி பூரித்துப்போய் நாற்காலியிடம் சொன்னது: "பார்த்தியா, அரை மணி நேரத்துல பிள்ளை எப்படித் தேறிட்டா!"