எதிர்மலையிலிருந்து பார்த்தால்

விடுதி மலையோடு மலையாகக் கலந்துவிட வேண்டும் என்பதுதான் முதலாளியின் ஒரே நிபந்தனை. எதிர்மலையில் நின்று பைனாகுலரில் பார்த்துவிட்டு, மூன்று முறை போனில் "இன்னும் தெரியுதே மேடம்" என்றார். மூன்று முறையும் பூங்கோதை வரைபடத்தைத் திருத்திக் கூரையை மாற்றினாள். இப்போது கூரை மலைச்சரிவின் தொடர்ச்சியாகவே இருந்தது. கான்கிரீட் தளம், அதன்மேல் ஒன்றரை அடி மண், அதன்மேல் புல். மழையில் மண் நனைந்தால் கூடும் எடையையும் கணக்கில் சேர்த்திருந்தாள். யானையைச் சேர்க்கவில்லை.

நான்காவது தீர்ப்புக்காக அவளும் லூர்து மேஸ்திரியும் உள்ளே காத்திருந்தபோது அது மேலே ஏறிவிட்டது. வாசலுக்கு மேல் தொங்கிய புல்லைத் தும்பிக்கை பிடுங்கிக்கொண்டிருந்ததால் வெளியேற வழியில்லை.

"வீடுன்னு தெரியலையா அதுக்கு?" என்று கிசுகிசுத்தார் மேஸ்திரி.

"தெரியக் கூடாதுன்னுதானே மூணு மாசமா செத்தோம்."

நிற்கும் யானை தன் எடையை நான்கு கால்களுக்கும் பகிர்ந்து கொடுக்கும். நடந்தால் அதே எடை மூன்று கால்களுக்கு, சில நொடிகள் இரண்டுக்கே போய்விடும். நிற்கும்வரை தளம் தாங்கும் என்று தரைத் தூசியில் விரலால் கணக்குப் போட்டாள். அந்தக் கணக்கின்மேல் சிமெண்ட் தூள் உதிர்ந்தது.

போன் அதிர்ந்தது. "மேடம், ஜெயிச்சிட்டீங்க! ஒண்ணுமே தெரியலை. வெறும் மலை, மேல ஒரு யானை, அவ்வளவுதான்!"

பூங்கோதை போனைக் காதில் வைத்தபடியே அண்ணாந்து தளத்தைப் பார்த்தாள்.

"லைன்லயே இருங்க மேடம்," என்றார் அவர். "இப்பத்தான் காலைத் தூக்குது."